மலை சுற்றுவது தவிர

அப்பா,

இன்று காலை வேங்கிக்காலில் எங்கள் திட்டக் கூட்டம். மாடியில் ஒரு நீள அறை. புதிதாக அச்சடித்த படிவங்களைக் கட்டுக்கட்டாக மேசைமேல் வைத்திருந்தார்கள். மை வாசனை இன்னும் போகவில்லை. ஆளுக்கு ஒன்று எடுத்துப் படித்துப் பார்க்கச் சொன்னார்கள். பேனாவுக்காகப் பைக்குள் கைவிட்டேன், வழக்கம்போலச் சாவிதான் முதலில் கைக்கு வந்தது. அதைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டு, பேனாவைத் தேடி எடுத்து, படிவத்தைப் புரட்டினேன். பதினோராம் கேள்வி மாறாமல் இருந்தது. ‘காரணமில்லாமல் வெளியே சுற்றுகிறாரா? (மலை சுற்றுவது தவிர.)’

அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்த மூன்று சொற்கள் நான் கொடுத்தவை. நீங்கள் காணாமல் போனது அந்த அடைப்புக்குறிக்குள்தான். இதை உங்களிடம் நான் சொன்னதே இல்லை. எனக்கே இது புரிந்த நாளில் கேட்டுப் புரிந்துகொள்ளும் நிலையில் நீங்கள் இல்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

இந்த வேலை கிடைத்த அன்று முதலில் உங்களிடம்தான் சொன்னேன். வயதானவர்களுக்கு வரும் மறதிநோயை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கண்டுபிடித்து, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளக் குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று பார்க்கிற முன்னோட்டத் திட்டம். சரியாக வந்தால் மாவட்டம் முழுக்க வரும், வராவிட்டால் மூட்டை கட்டிவிடுவார்கள். நான் அதில் களப்பணியாளர். மலைக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலை என் பொறுப்பு. “மறதியா? எங்கிட்ட கேட்டுப் பாரேன். கீழ்பென்னாத்தூர் வண்டி மொத டிரிப்புல இருந்து கடைசி டிரிப்பு வரைக்கும் சொல்றேன்” என்று ஆரம்பித்து, பஸ் ஸ்டாண்டில் நீங்கள் டைம் கீப்பராக இருந்த காலத்து நேரங்களை ஒன்றுவிடாமல் ஒப்பித்தீர்கள். நான் கைதட்டினேன். பழையது அப்படியே நிற்கும், இன்று காலை நடந்தது நழுவும், அதுதான் இந்த நோயின் முதல் அடையாளம் என்று அடுத்த வாரப் பயிற்சியில் சொன்னார்கள். நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். உங்கள் நினைவு எனக்கு வரவே இல்லை.

முதல் மாதம் ஒரே கூத்து. கேள்வியில் அப்போது அடைப்புக்குறி கிடையாது. காரணமில்லாமல் வெளியே சுற்றுகிறாரா என்று கேட்டால், எந்த வீட்டிலும் ‘காரணமில்லாமல்’ என்பது காதிலேயே விழவில்லை. “சுத்தாம? பௌர்ணமி தவறாம சுத்துறாரு சிஸ்டர். காலுல செருப்பு கூட போட மாட்டாரு” என்று பெருமையாகச் சொன்னார்கள். நானும் ‘ஆம்’ ‘ஆம்’ என்று டிக் போட்டுக்கொண்டே போனேன். டாக்டர் மேடம் வெளியூர்க்காரர். கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “என்னம்மா இது, ஊர்ல பாதிப் பேர் வழி தெரியாம அலையறாங்களா?” என்றார்.

“இல்ல மேடம், நம்ம ஊர்ல சுத்துறதுன்னா மலை சுத்துறதுதான். வேற ஊர்ல சுத்துறவன்னா வசவு. இங்க புண்ணியம்.”

அப்போதுதான் அந்த மூன்று சொற்களைச் சேர்க்கலாம் என்று சொன்னேன். மேடம் மேசையைத் தட்டினார். “இதுக்குத்தான் உள்ளூர் ஆள் வேணும்ங்கறது” என்று எல்லார் முன்னாலும் சொன்னார். வாங்கிக் கட்டிக்கொண்டே பழகியவளுக்கு ஒரு பாராட்டு என்றால் தலைகால் புரியுமா? வரும் வழியில் ஜாங்கிரி வாங்கி வந்தேன். நீங்கள் இரண்டு சாப்பிட்டீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, “இன்னிக்கி என்ன பாப்பா விசேஷம், வீட்ல ஸ்வீட்டு இருக்கு?” என்றீர்கள். மறுபடி ஒருமுறை. அப்புறம் இன்னொருமுறை. இன்னும் ஒன்று தின்ன வழி பண்ணுகிறீர்கள் என்று நினைத்து, “சர்க்கரை ஜாஸ்தி ஆகும், சும்மா இருங்கப்பா” என்று டப்பாவை மேலே வைத்தேன்.

அம்மா போன பிறகு பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றிக்கொண்டிருந்தவர், திங்கட்கிழமை தோறும் போக ஆரம்பித்தீர்கள். பிறகு தினமும். “ஒரு சுத்து போய்ட்டு வரேன் பாப்பா.” செங்கம் ரோட்டுச் சந்தில் எல்லாரும் உங்கள் பக்தியைப் பேசினார்கள். ஒருநாள் சுற்றி முடித்து வந்து, காபி குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, “ஒரு சுத்து போய்ட்டு வரேன்” என்று மறுபடி கிளம்பினீர்கள். அப்போதுதானே வந்தீர்கள் என்றேன். ஒரு கணம் விழித்தீர்கள். பிறகு, “வேண்டுதல்” என்றீர்கள். அந்தச் சொல்லுக்குமேல் இந்த ஊரில் யார் கேள்வி கேட்பார்கள்? அதே வாரம், படிவத்தை எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் போட்டுப் பழகச் சொல்லியிருந்தார்கள். உங்களுக்குப் போட்டேன். பதினோராம் கேள்வியில் கொஞ்சமும் யோசிக்காமல் ‘இல்லை’ என்று டிக் போட்டேன். அந்தப் படிவம் இன்னும் என்னிடம் இருக்கிறது. டிக் நல்ல அழுத்தமாகவே இருக்கிறது.

அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடை அக்கா உண்டு, உங்களுக்கும் தெரிந்தவர். சுற்றி வரும்போது அங்கேதான் டீ குடிப்பீர்கள். அவர் வீட்டுக்காரர் கட்டட மேஸ்திரி. அவருக்கு மறதிநோய் வந்துதான் அந்த வீட்டுக்கு நான் போக ஆரம்பித்தேன். ஒருநாள் காலை அந்த அக்கா எனக்குப் போன் செய்தார்.

“சிஸ்டர், உங்கப்பா வர்றாரு. ஆனா…”

“ஆனா இன்னாக்கா?”

“எதிர்ப்பக்கமா வர்றாரு சிஸ்டர். மலைய இடது கைப் பக்கம் வச்சிக்கினு வர்றாரு. திரும்புங்க பெரியவரேன்னு கூப்புடறேன், சிரிச்சிக்கினே போறாரு.”

சின்ன வயசில், விழுந்த ரிப்பனை எடுக்க நான் நாலடி பின்னால் நடந்ததற்கே என் தலையில் குட்டியவர் நீங்கள். மலை வலது கைப் பக்கம் இருக்கணும், திரும்பி நடக்கக் கூடாது என்று அன்று முழுக்கச் சொன்னீர்கள். கடிகாரம் வரையச் சொல்வது, மிருகங்களின் பெயர் கேட்பது என்று எத்தனையோ சோதனை கற்றிருந்தேன். எதுவும் தேவைப்படவில்லை. உங்களைக் கூட்டிவர ஆட்டோ பிடித்தேன்.

டாக்டர் மேடம் உங்களைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். கடைசியில், “உங்க வீடு எந்த சுகாதார நிலையத்துக்குக் கீழ வருது?” என்று கேட்டார். டவுன் என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டார். திட்டத்தின் ஏற்பாடு அப்படி, அப்பா. சுகாதார நிலையங்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒரு பாதிக்கு எங்களைப் போன்றவர்கள் வீட்டுக்கே போவோம், கூட நடப்போம், குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுப்போம். இன்னொரு பாதிக்கு வழக்கம்போல மாத்திரைச் சீட்டும், அடுத்த மாசம் வாங்க என்ற பேச்சும்தான். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் எங்கள் வேலைக்குப் பலன் இருக்கிறதா என்று தெரியும். அடி அண்ணாமலை இந்தப் பாதி. நம் வீடு அந்தப் பாதி.

“உங்க அப்பாவுக்குன்னு ஒரு ஆள அனுப்பினா, நாளைக்கு ஒப்பிட்டுப் பாக்க என்னம்மா இருக்கும்? உங்களுக்கே தெரியும்” என்றார். தெரியும். டவுனில் கையைப் பிடித்துக்கொண்டு அழுத ஒரு அம்மாவிடம் இதே விளக்கத்தை இதே நிதானத்தோடு நான் சொல்லியிருக்கிறேன். யார்மேல் கோபப்பட? சீட்டுப் போட்ட டப்பா மேலா?

தம்பி ஓசூரிலிருந்து போனில், “நீதானேக்கா அதுல எக்ஸ்பர்ட்டு” என்றான். பார்த்துக்கொள்ள வந்த பெண்மணி இரண்டு வாரம் இருந்தார். நீங்கள் வாசலில் நின்று, “எடு, எடு, பின்னாடி வண்டி நிக்குது” என்று விரட்டியதில் அவரும் கிளம்பிவிட்டார். என் வேலையில்தான் நம் அடுப்பு எரிந்தது. தேரடிப் பக்கம் ஒரு கடையில் பூட்டு வாங்கினேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. சோறும் தண்ணீரும் எடுத்து வைத்து, ஒன்பதுக்குக் கால் மணி இருக்கும்போது கிரில் கதவைப் பூட்டுவேன். எதிர்வீட்டு அக்கா நடுவில் இருமுறை வந்து எட்டிப் பார்ப்பார். நீங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். “கேட்டைத் தொற பாப்பா. வண்டிய அனுப்பணும். டைம் ஆச்சு.” “இதோ வந்துடறேன்பா” என்பேன். என்னுடைய அந்த ‘இதோ’ சாயங்காலம் ஐந்தரை மணி வரைக்கும் நீளும். திரும்பி வரும்போதும் அதே இடத்தில்தான் நிற்பீர்கள். நாள் முழுக்க அங்கேயே நின்றீர்களா, நான் வரும் நேரம் தெரிந்து வந்து நின்றீர்களா என்று எனக்குத் தெரியாது, எதிர்வீட்டு அக்காவிடம் கேட்கவும் தைரியம் வந்ததில்லை. உங்கள் உள்ளங்கைகளில் துருக் கோடு இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவிவிடுவேன். வாட்ச் கட்டாத மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, “ரெண்டு நிமிஷம் லேட்டு” என்பீர்கள்.

இதற்கு நடுவே மலைக்கு அந்தப் பக்கம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? “பூட்டாதீங்க. பூட்டினா பயம் ஜாஸ்தியாகும், கோவம் ஜாஸ்தியாகும். நடக்கணும்னா நடக்க வுடுங்க, யாராவது கூட நடங்க” என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊருக்கு உபதேசமடி பெண்ணே, அது உனக்கில்லையடி கண்ணே என்று அம்மா என்னைக் கேலி செய்வாள். இருந்திருந்தால் அதையே சொல்லியிருப்பாள், இந்த முறை சிரிக்காமல். டீக்கடை அக்காவால் அடுப்பை விட்டு நகர முடியாது என்பதால், செவ்வாயும் வெள்ளியும் மேஸ்திரியை நானே கையைப் பிடித்து நடக்க அழைத்துப் போவேன். சில வாரங்களில் அவர் அடங்கித் தூங்க ஆரம்பித்தார். “நீ வந்தப்புறம்தான் சிஸ்டர் நானும் தூங்குறேன்” என்று அக்கா அழுதார். அறிக்கையில் அதை எழுதினார்கள். எனக்கு சந்தோஷமாக இருந்தது, அப்பா. பொய் சொல்ல மாட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. வேலை செய்கிற வைத்தியம் அது என்று தெரிந்துகொண்டே, தினமும் காலையில் உங்களைப் பூட்டினேன்.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை. காலையில் பூட்டைச் சரியாக அழுத்தினேனா இல்லையா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. வெயில் ஏறிவிட்டிருந்தது. மேஸ்திரியின் கையைப் பிடித்து ஆலமர நிழல் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து யாரோ வந்து எங்களைத் தாண்டிப் போய், நின்று, திரும்பினார்கள். நீங்கள். வெள்ளை வேட்டி, செருப்பில்லாத கால். மலை உங்கள் வலது கைப் பக்கம்தான் இருந்தது. முறையாகத்தான் வந்திருக்கிறீர்கள். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கோத்திருந்த கைகளைப் பார்த்தீர்கள்.

“ஏம்மா, அவரு உங்கப்பாவா?”

எங்கள் பயிற்சியின் முதல் பாடம், மறுத்துப் பேசாதீர்கள் என்பது. அவர்கள் தப்பாக ஒன்று சொன்னால் திருத்தாதீர்கள், திருத்தினால் மிரண்டுபோவார்கள், அவர்கள் போக்கிலேயே போங்கள். நூறு முறை நான் மற்றவர்களுக்குச் சொன்னது. அதுதான் வாயில் வந்தது.

“ஆமாங்க” என்றேன்.

என் தலைமேல் கை வைத்தீர்கள். “உன்னப் பெத்தவன் குடுத்து வச்சவன்மா. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. வேலைக்குப் போறவ. தங்கமான பொண்ணு. அவளுக்குத்தான் கொஞ்சம் மறதி. நான் உள்ள இருக்கறத மறந்துட்டு வூட்ட பூட்டிக்கினு போய்டுறா. பாவம், வேலை ஜாஸ்தி.”

மூவரும் டீக்கடைக்கு நடந்தோம். நீங்களும் மேஸ்திரியும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தீர்கள். அவர் ஏதோ சொல்ல, நீங்கள் ஏதோ சொல்ல, இரண்டு பேச்சுக்கும் சம்பந்தமே இல்லை. இருவரும் தலையாட்டிக்கொண்டீர்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும் பெண்ணைப் பற்றி அக்காவிடமும் சொன்னீர்கள். அவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“பூட்டிட்டு வர்றியா சிஸ்டர்?”

நான் காலி டம்ளர்களைப் பொறுக்கினேன். அக்கா அவற்றை வாங்கி வைத்தார்.

“தெனம் இங்க கூட்டியாந்து வுட்டுடு. ரெண்டு பேரும் ஒக்காந்துனு இருக்கட்டும். நான் பாத்துக்கறேன். ஒரு டீக்கு மேல ஒரு டீ, இன்னா போச்சு?”

“அது ரூல்ல வராதுக்கா. எங்கப்பா அந்தப் பக்கம். இங்க கூட்டியாந்தா கணக்கு கெட்டுடும்.”

“மலைக்கு இன்னா சிஸ்டர் அந்தப் பக்கம், இந்தப் பக்கம்?” என்றார் அக்கா.

அப்பா, நான் மேடத்திடம் கேட்டுப் பார்த்திருக்கலாம். அவர் சரி என்று சொல்லியிருக்கவும் கூடும். உங்கள் ஒருவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம், போய்த் தொலையட்டும் என்று சொல்லியிருக்கலாம். நான் கேட்கவில்லை. அந்த மூன்று சொற்களுக்காக என்னைப் பாராட்டியவரிடம், பூட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்ல வேண்டியிருக்குமே. அந்த வெட்கத்துக்கு ரூல் என்று பெயர் வைத்துக்கொண்டேன். ஆட்டோவில் உங்களை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மறுநாள் காலை பூட்டை அழுத்தி, இருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனேன்.

பனிக்காலத்தில் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் பத்து நாள். அங்கே பூட்டு இல்லை, பகல் முழுக்க நான் பக்கத்திலேயே இருந்தேன். நீங்கள் கட்டிலின் பக்கக் கம்பியைப் பிடித்தபடியே கிடந்தீர்கள். விரலை விடுவித்தால் திரும்பப் பிடித்துக்கொண்டீர்கள். “கேட்டு” என்றீர்கள் ஒருதரம். திறந்துதான் இருக்குப்பா என்றேன். நம்பினீர்களா என்று தெரியவில்லை. மறுநாள் போய்விட்டீர்கள்.

இன்று கூட்டத்தில், திட்டம் மாவட்டம் முழுக்க வரப்போகிறது என்று மேடம் அறிவித்தார். இனிமேல் அந்தப் பாதி இந்தப் பாதி கிடையாது, டவுனுக்கும் உண்டு. எல்லாரும் கைதட்டினார்கள். பதினோராம் கேள்விக்கு வந்தபோது, “இந்த வரி நம்ம சிஸ்டர் குடுத்தது” என்று என்னைக் காட்டினார். மறுபடி கைதட்டல். நான் எழுந்தேன்.

“அந்த வரிய எடுத்துடுங்க மேடம்.”

“ஏம்மா?”

“எங்கப்பா மலைதான் சுத்துனாரு. நான் ‘இல்லை’ன்னு டிக் போட்டேன்.”

அச்சடித்தாகிவிட்டதே என்று யாரோ முனகினார்கள். மேடம் பேனாவைத் திறந்தார். “அதுக்குப் பதிலா என்ன கேக்கலாம்?” என்றார். “எத்தன தடவை சுத்துறாரு, எந்தப் பக்கமா சுத்துறாரு, வந்தப்புறம் போனது ஞாபகம் இருக்கான்னு கேளுங்க” என்றேன். “எல்லாருகிட்டயும் பேனா இருக்கில்ல? அடிங்க, மேல எழுதுங்க” என்றார். சாப்பாட்டு நேரம் வரை எல்லாருமாக உட்கார்ந்து அடித்தோம். என் பங்குக்கு ஒரு கட்டு. மலை சுற்றுவது தவிர, மலை சுற்றுவது தவிர என்று அடித்து அடித்து விரல் காய்த்துப்போனது.

பிறகு, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் வகுப்பு யார் எடுப்பது என்று பேச்சு வந்தது. தலைப்பு, ‘வீட்டைப் பூட்டாதீர்கள்’. வேறு யார் பெயரைச் சொல்வார்கள்? சரி என்று தலையாட்டினேன். டிக் போட்டதைச் சொன்ன வாய்க்குப் பூட்டைச் சொல்ல வரவில்லை. திங்கட்கிழமை வகுப்பு. நோட்டைத் திறந்துவைத்து உட்கார்ந்திருப்பார்கள். வேறு வழியே இல்லையென்றால் என்ன செய்வது என்று ஒருவராவது கேட்பார்கள், எப்போதும் கேட்பார்கள். பையில் சாவிதான் இருக்கிறது.

அந்தப் பூட்டைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டேன். கிரில் கதவை இப்போதெல்லாம் வெறுமனே சாத்திவிட்டுத்தான் போகிறேன். “திருடன் வந்தா என்ன பண்ணுவே?” என்று எதிர்வீட்டு அக்கா திட்டுகிறார். இன்றும் ஐந்தரைக்கு வந்து கதவைத் தள்ளினேன். கம்பியில் நீங்கள் பிடித்த இடம் மட்டும் இன்னும் பளபளவென்று இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை உங்களிடம் நான் சொன்ன ‘ஆமாங்க’வை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்றுதான் தெரியவில்லை. எல்லார் வீட்டுக்கும் போய் எத்தனையோ சொல்லிக்கொடுத்தேன். பூட்டாதீர்கள் என்றேன், கூட நடங்கள் என்றேன். அதில் உங்களுக்கென்று நான் பிசகாமல் செய்தது ஒன்றே ஒன்றுதான், அப்பா. அவரு உங்கப்பாவா என்று நீங்கள் கேட்டீர்கள். நான் மறுத்துப் பேசவில்லை.

உங்கள் மறதிக்காரப் பாப்பா